நொண்டும் விலங்கைப் பார்க்கும் முறை: உயிரியல் பூங்கா மருத்துவருக்கும் பராமரிப்பாளருக்கும் முழுமையான வழிகாட்டி

"மான் கால் தூக்குது சார்" என்று வாக்கி டாக்கியில் தகவல் வந்ததும், புதிதாகச் சேர்ந்த மருத்துவர் பெரும்பாலும் மயக்க மருந்துப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார். ஊசி பாய்ந்து, விலங்கு சாய்ந்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்த பிறகு யாராவது கேட்பார்கள்: "எந்தக் கால்?" ஒருமுறை ஒரு வெளிமானைச் சுற்றி நின்ற மூன்று பேர் மூன்று வெவ்வேறு கால்களைக் காட்டினார்கள். நான்கு காலையும் எக்ஸ்ரே எடுத்தோம். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. மான் எழுந்து, வந்த மாதிரியே நொண்டிக்கொண்டு போனது.

மயக்கத்தில் கிடக்கும் விலங்கு நொண்டாது. நமக்கு வேண்டிய தடயத்தில் பாதி, ஊசி போட்ட நிமிடமே அழிந்துவிடுகிறது. அதனால் இந்த வேலையில் வரிசைதான் முக்கியம்: பார்ப்பது, கேட்பது, தரையையும் தீனியையும் சோதிப்பது, அப்புறம்தான் தொடுவது. கீழே உள்ளதும் அதே வரிசைதான். மருந்தளவுகளை வேண்டுமென்றே எழுதவில்லை. அவை இனத்துக்கு இனம் மாறும். அந்த இனத்தில் அனுபவமுள்ள மருத்துவரிடமும் மருந்தளவு நூலிலும் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

1. நொண்டல் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

எல்லாக் கருவிகளையும் விட முதலில் தேவைப்படுவது பழைய வீடியோ. விலங்கு நன்றாக இருக்கும் காலத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதன் நடையைப் பதிவு செய்து வையுங்கள். இடப் பக்கம், வலப் பக்கம், நம்மை நோக்கி வரும்போது, விலகிப் போகும்போது என்று நான்கு கோணங்கள். ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். சில விலங்குகள் குட்டியில் பட்ட அடியால் வாழ்நாள் முழுக்க ஒரு காலை வீசித்தான் நடக்கும். அது அதன் இயல்பு என்பது பழைய வீடியோ இருந்தால்தான் தெரியும். இல்லையென்றால் குணமாகிப் போன காலுக்கு வைத்தியம் பார்ப்போம்.

அடுத்தது எடை. தராசில் ஏறப் பழக்கப்படாத விலங்குக்கு மருந்தளவு, மயக்கம் எல்லாமே கண் மதிப்புதான். தவிர, எடை கூடியிருப்பதே பல விலங்குகளில் மூட்டு வலிக்கும் பாத நோய்க்கும் ஒரு காரணம்.

மூன்றாவது பயிற்சி. யானை காலைக் கம்பி இடைவெளி வழியாக நீட்ட, ஒட்டகச்சிவிங்கி குளம்பைக் கட்டை மேல் வைக்க, புலி கம்பியில் முன்பாதங்களை ஊன்றி எழுந்து நிற்கப் பழகியிருக்க வேண்டும். இதை வலி வந்த பிறகு தொடங்கினால் நடக்காது. வலிக்கும் காலைத் தொடும் கையோடு நம்மையும் சேர்த்து அது வெறுக்கத் தொடங்கும். நல்ல காலத்தில், பிடித்த உணவைப் பரிசாகக் கொடுத்து, தினமும் ஐந்து நிமிடம் பழக்குவதே வழி.

மற்றவை சாதாரணம்: மெதுவோட்டத்தில் பதிவு செய்யும் போன், தொலைநோக்கி, குளம்புக் கத்தி, அந்த இனத்தின் கால் எலும்புப் படம், அதே இனத்தின் ஆரோக்கியமான எக்ஸ்ரே படங்கள். கடைசியில் சொன்னதைப் பலர் சேர்த்து வைப்பதில்லை. கங்காருவின் பாத எலும்பை முதன்முதலாக எக்ஸ்ரேயில் பார்ப்பவருக்கு இயல்பே நோயாகத் தெரியும்.

2. முதல் பத்து நிமிடம்: உடனே இறங்க வேண்டியதா?

எலும்பு வெளியே தெரிகிறது, கால் துணி போலத் தொங்குகிறது, இரத்தம் நிற்கவில்லை, எழவே முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பறவையின் கால் வளையத்திலோ கம்பியிலோ சிக்கி வீங்கியிருந்தாலும் அப்படித்தான்.

இரண்டு நிலைமைகளைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றை வெறும் கால் பிரச்சினை என்று நினைத்துத் தவறவிடுகிறார்கள்.

ஒன்று, ஒரே அடைப்பில் பல விலங்குகள் ஒரே சமயத்தில் நொண்டுவது. இரட்டைக் குளம்பு விலங்குகளில் இதோடு எச்சில் ஒழுகினால் முதல் சந்தேகம் கோமாரி நோய். ஆசிய யானைக்கும் அது வரும். அந்த நிமிடமே ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள், செருப்பு, வாளி, வண்டி எதுவும் அடுத்த அடைப்புக்குப் போகக் கூடாது, அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லுங்கள். வாயையும் குளம்பு இடுக்கையும் பார்க்காமல் "மழையில் குளம்பு ஊறிவிட்டது" என்று எழுதி வைப்பது பெரிய தவறு.

இன்னொன்று, துரத்திப் பிடித்தது, இடம் மாற்றியது, சண்டை, நாய் புகுந்தது போன்ற ஏதாவது நடந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மானும் வரிக்குதிரையும் விறைத்து நடப்பது. இது தசைச் சிதைவாக இருக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு மறுபடி துரத்தி ஊசி போட்டால் நாமே கொன்றதாக ஆகும். சத்தத்தைக் குறைத்து, நிழல் கொடுத்து, எப்படி அமைதியாக நீர்ச்சத்து ஏற்றலாம் என்று யோசியுங்கள்.

இவை எதுவும் இல்லை, விலங்கு சாப்பிடுகிறது, காலை ஓரளவு ஊன்றுகிறது என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

3. பராமரிப்பாளரிடம் கேட்பது

"எப்போதிலிருந்து நொண்டுகிறது?" என்று கேட்டால் "நேற்றிலிருந்து" என்றுதான் பதில் வரும். நேற்றுதான் கண்ணில் பட்டது என்பதே அதன் பொருள். கேள்வியை மாற்றுங்கள். மேடை மேல் கடைசியாக எப்போது ஏறியது? தீனிக்கு முதலில் ஓடி வருவது இப்போதும் அதுதானா? படுக்கும் இடம் மாறியிருக்கிறதா? எழுந்திருக்க எத்தனை முயற்சி எடுக்கிறது? நகம் கீறும் மரத்தில் புதிய கீறல் இருக்கிறதா?

ஒரு பராமரிப்பாளர் என்னிடம் சொன்னது: "பெரியவர் இப்பல்லாம் குதிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிக்கிறார் சார்." வயதான ஆண் புலியைத்தான் பெரியவர் என்றார். அந்த ஒரு நொடித் தயக்கம் மூன்று மாதமாக இருந்திருக்கிறது. பின்னால் எக்ஸ்ரேயில் இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகள் ஒன்றோடொன்று பாலம் போல இணைந்திருந்தன. நொண்டல் என்ற சொல்லே அதுவரை யார் வாயிலும் வரவில்லை.

யானைக்கு இன்னொரு தடயம். காலையில் கூண்டைத் திறந்ததும் அதன் விலாவில் மணல் ஒட்டியிருக்கிறதா, எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் இரவில் படுத்திருக்கிறது. பல நாள் விலா சுத்தமாகவே இருந்தால் படுத்து எழப் பயப்படுகிறது என்று பொருள். வலியின் ஆரம்ப அடையாளம் அது.

4. நடையைப் பார்ப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு நாள் பார்வை போதாது. காலையில் கூண்டு திறந்ததும் முதல் இருபது அடி, நடுப்பகல், மாலை என்று மூன்று வேளை பாருங்கள். எழுந்ததும் விறைப்பாக இருந்து நடக்க நடக்கச் சரியானால் மூட்டுத் தேய்மானத்தின் பக்கம் யோசிக்கலாம். நடக்க நடக்க மோசமானால் பாதம், தசைநார், முறிவு ஆகியவற்றை யோசியுங்கள்.

சீருடையும் மருந்துப் பெட்டியுமாகப் போய் வேலி ஓரம் நிற்காதீர்கள். விலங்குகள் மருத்துவரை அடையாளம் வைத்திருக்கும். இரையாகும் இனங்கள் ஆபத்து என்று தோன்றினால் நொண்டலை மறைத்துக்கொண்டு நேராக நடக்கும். பார்வையாளர்களோடு நின்று பாருங்கள், அல்லது பராமரிப்பாளரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். போனைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி, நடக்கும் பாதைக்குச் செங்குத்தாக வைத்து, நொடிக்கு 120 அல்லது 240 படங்கள் வீதம் எடுத்தால் கண்ணுக்குத் தப்பியது தெரியும்.

எந்தக் கால் என்று கண்டுபிடிக்கும் விதி எளிது. முன்காலில் வலி என்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தலை தாழும். புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்து நல்ல காலுக்கு வைத்தியம் தொடங்கிவிடுகிறார்கள். பின்கால் என்றால் தலையை விட்டுவிட்டு இடுப்பைப் பாருங்கள். வலிக்கும் பக்கத்து இடுப்பு எலும்பு மற்றதை விட அதிகமாக ஏறி இறங்கும்.

இரண்டு காலிலும் ஒரே அளவு வலி இருந்தால் நொண்டலே தெரியாது. சிறு சிறு அடியாக வைக்கும், நிற்கும்போது பாரத்தை மாற்றி மாற்றிப் போடும், அடிக்கடி படுக்கும். "நொண்டல் இல்லை, சோம்பல்தான்" என்று எழுதப்பட்ட குறிப்புகளில் பல இந்த வகை.

வலியையும் பலவீனத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வலி உள்ள விலங்கு காலைக் கவனமாக வைத்துச் சீக்கிரம் எடுத்துவிடும். நரம்புக் கோளாறு உள்ள விலங்குக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது: இழுக்கும், தடுமாறும், கால்கள் ஒன்றையொன்று தாண்டி விழும், திரும்பும்போது சரியும். நகங்களின் முன்பக்கம் தேய்ந்திருந்தால் காலை இழுக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அப்போது பாதத்தை விட்டுவிட்டு முதுகெலும்பையும் மூளையையும் யோசியுங்கள். சிங்கம், புலிக்கு நாய் டிஸ்டெம்பர் வைரஸ், நீர்ப்பறவைக்கு ஈய நஞ்சு, உறைமீன் தின்னும் விலங்குகளுக்குத் தயாமின் (வைட்டமின் பி1) குறைபாடு எல்லாம் இந்த வரிசையில் வரும்.

இந்த விதிகள் எல்லாம் எல்லா இனத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஒட்டகமும் ஒட்டகச்சிவிங்கியும் ஒரே பக்கத்து இரு கால்களையும் ஏறக்குறைய சேர்த்தே எடுத்து வைக்கும். கழுத்து வேறு நீளமாக ஆடுவதால் தலையசைவை நம்ப முடியாது. தோளின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். கங்காரு துள்ளுவதைக் குறைத்துக்கொண்டு, வாலை ஊன்றி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். குரங்கினம் ஏறுவதைக் குறைக்கும், கையை முஷ்டியாக மடக்கி வைத்துக்கொள்ளும். பூநாரை ஒற்றைக் காலில் நிற்பது இயல்பு, ஆனால் எப்போதும் அதே காலில் நின்றால் இயல்பில்லை. ஆமையின் அடியோட்டுத் தேய்மானம் ஒரு பக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு எண் போடுங்கள். நாங்கள் வைத்திருக்கும் அளவு இது: 0 இயல்பு, 1 சில சமயம் மட்டும் தெரிகிறது, 2 ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது, 3 நுனியை மட்டும் ஊன்றுகிறது, 4 ஊன்றவே இல்லை. எந்த அளவு என்பது பெரிய விஷயமில்லை, எல்லோரும் ஒரே அளவைப் பயன்படுத்த வேண்டும். "கொஞ்சம் பரவாயில்லை" என்ற குறிப்பை வைத்து அடுத்த வாரம் எதையும் முடிவு செய்ய முடியாது.

5. தரையும் தீனியும்

விலங்கைப் பார்த்த அதே கவனத்தோடு அதன் தரையைப் பாருங்கள். வெளியே ஆள் பார்க்கும் அடைப்பு அழகாக இருக்கும். விலங்கு பாதி நாள் நிற்பது இரவுக் கூண்டில். அங்கே கான்கிரீட், தேங்கிய சிறுநீர், வாசற்படியில் பெயர்ந்த விளிம்பு. முடிந்தால் விலங்கு வெளியே போனதும் அந்தக் கூண்டில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். நான் புதியவர்களை இதைச் செய்யச் சொல்வேன். கால் எங்கே உறுத்துகிறது, எங்கே வழுக்குகிறது என்று நமக்கே தெரியும்.

தரை ரொம்ப மென்மையாக இருந்தாலும் தொல்லைதான். மண் மட்டுமே உள்ள அடைப்பில் குளம்பு தேயாது. நுனி நீண்டு வளைந்து, பாரம் எல்லாம் குதிகாலில் விழும். ஒட்டகச்சிவிங்கிகளில் இது அடிக்கடி வருவது. மண்ணும், கரடுமுரடான பாதையும், காய்ந்த இடமும் கலந்து இருக்க வேண்டும்.

தீனிப் பட்டியலைக் கேட்டு வாங்காதீர்கள், தொட்டியை நேரில் பாருங்கள். தட்டில் போட்டது ஒன்று, தின்றது இன்னொன்றாக இருக்கும். குளம்பு விலங்குகளுக்குத் தானியமும் அடர்தீவனமும் திடீரென்று கூடினால் குளம்புக்குள் அழற்சி வரும். குளம்புச் சுவரில் ஓடும் வளையங்களை அளந்து, எப்போது நடந்தது என்று கூட ஊகிக்கலாம்: குதிரைக் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். மயிர் விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே வளையம் இருந்தால், மூன்று மாதம் முன்பு தீனியில் என்ன மாற்றம் நடந்தது என்று பதிவேட்டைப் புரட்டுங்கள். வரிக்குதிரையிலும் இதே கணக்கைத் தோராயமாக வைத்துப் பார்க்கலாம்.

ஊனுண்ணிக் குட்டிக்கு எலும்பில்லாத இறைச்சி மட்டும் போட்டால் கால்சியம் கிடைக்காது. தசை இறைச்சியில் கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1:20. வளரும் உடம்புக்கு 1:1க்குக் குறையக் கூடாது. நன்றாகத் தின்று கொழுகொழுவென்று இருக்கும் குட்டி ஒரு சின்னக் குதிப்பில் காலை முறித்துக்கொள்ளும். ஊர்வனவற்றுக்கு இதோடு புற ஊதா பி கதிரும் வேண்டும். சன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அந்தக் கதிர் மாதக் கணக்கில் குறைந்துகொண்டே போகும். "லைட் எரியுது சார்" என்பது பதிலாகாது, புற ஊதாக் கதிரை அளக்கும் கருவியால் அளந்து பார்க்க வேண்டும்.

6. எந்த விலங்கில் எதை முதலில் தேடுவது

குளம்பு விலங்கு என்றால் பாதத்திலிருந்து மேலே போங்கள். நீண்ட குளம்பு, குளம்பு இடுக்கில் கல், உள்ளே சீழ், குளம்பு அழுகல். தோளைத் தேடிப் போவதற்கு முன் பாதத்தைக் கழுவிப் பாருங்கள். இணைசேரும் பருவத்தில் ஆண் மான் நொண்டினால் கொம்புக் குத்தையும் தேடுங்கள். மயிருக்குள் சின்னத் துளைதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும்.

யானைக்கு நக வெடிப்பு, நகத்தைச் சுற்றிய சதை வளர்ச்சி, உள்ளங்காலில் சீழ், வயதானால் மூட்டுத் தேய்மானம். இந்தியக் காண்டாமிருகத்துக்குக் கடினத் தரையில் வரும் நாட்பட்ட பாதப் புண்.

பென்குயின், பூநாரை, வல்லூறு போன்றவற்றுக்கு உள்ளங்கால் புண். ஒரு காலில் புண் என்றால் நல்ல காலைத் தினமும் பாருங்கள். பாரம் முழுக்க அதில் விழுவதால் அடுத்தது அங்கேதான் வரும். பறவையும் பல்லியினமும் மூட்டு வீங்கி நடக்காமல் இருந்தால் யூரிக் அமிலம் படிந்த கீல்வாதத்தை நினையுங்கள்.

பெரிய பூனைகளில் வயதானவற்றுக்கு மூட்டும் முதுகெலும்பும். ஆனால் அதற்கு முன் நகம். இதை நான் ஒரு சிறுத்தையிடம் கற்றேன். பதினேழு வயது, முன்கால் நொண்டல், வயதாகிவிட்டது, மூட்டு வலிதான் என்று முடிவு செய்து மூன்று வாரம் வலி நிவாரணி கொடுத்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கடைசியில் ஸ்க்வீஸ் கூண்டில் விட்டு, பக்கச் சுவரை மெல்ல நகர்த்தி அசையாமல் நிறுத்தி, பாதத்தைப் பார்த்தோம். நெருங்கும்போதே அழுகல் வாடை. உட்பக்கத்து நகம், தரையில் படாத அந்த முதல் விரல் நகம், முழு வட்டமாக வளைந்து சதைக்குள்ளேயே புகுந்திருந்தது. நகத்தை வெட்டி இடுக்கியால் உருவியதும் சாம்பல் நிறச் சீழ் வந்தது, பென்சில் நுழையும் அளவு குழி. நான்காம் நாள் அது மரத்தில் ஏறிப் படுத்திருந்தது. மூன்று வாரம் அந்த விலங்கு அனுபவித்த வலிக்கு என் அவசர முடிவுதான் காரணம். அன்றிலிருந்து வயதான பூனையினத்தில் நகத்தைப் பார்க்காமல் மூட்டு என்ற சொல்லை எழுதுவதில்லை.

7. மயக்கம் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்

பயிற்சி பெற்ற விலங்கிடம் பாதத்தைக் கழுவலாம், தட்டிப் பார்க்கலாம், வாலிலோ காலிலோ இரத்தம் எடுக்கலாம், யானையின் பாதத்தை எக்ஸ்ரே கூட எடுக்கலாம்.

வெப்பப்படக் கேமரா இருந்தால் பயன்படும், ஆனால் அதன் நிபந்தனையோடு: வெயிலில் நின்ற பிறகு, ஈரமாக இருக்கும்போது, சேறு ஒட்டியிருக்கும்போது எடுத்த படம் குப்பை. நிழலில் அரை மணி நேரம் நின்ற பிறகு, இரு கால்களையும் ஒரே தூரத்திலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். எந்த இடம் சூடு என்று காட்டும், ஏன் என்று காட்டாது.

நாட்பட்ட நொண்டலில் வலி நிவாரணிச் சோதனை நல்ல வழி. சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த விலங்குக்கு ஏழு முதல் பத்து நாள் கொடுத்து, முன்னும் பின்னும் வீடியோ எடுங்கள். தேதியை மறைத்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி எண் போடச் சொல்லுங்கள். மருந்து கொடுத்தவர் கண்ணுக்கு எப்போதும் முன்னேற்றம் தெரியும். ஆனால் மருந்தால் குறைந்தது என்றால் வலி இருந்தது என்று மட்டுமே நிரூபணம். காரணம் இன்னும் தெரியவில்லை. என் சிறுத்தைக்கும் கொஞ்சம் குறையத்தான் செய்தது.

8. மயக்கம் கொடுக்கும் நாள்

ஒரே மயக்கத்தில் எல்லாம் முடிய வேண்டும். அதனால் முந்தின நாளே எந்தக் கால், எந்தெந்தக் கோணம், எந்த மாதிரிகள் என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒருவருக்கு ஒரு வேலை. மூச்சையும் வெப்பத்தையும் பார்ப்பவர் காலை எட்டிப் பார்க்கக் கூடாது. வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். குளம்பு விலங்கின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை நெருங்கினால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் குளிர்விக்க வேண்டும். அசைபோடும் விலங்கை மார்பில் படுக்க வைத்து, கழுத்தை உயர்த்தி, மூக்கு நுனி தாழ்ந்து இருக்கும்படி வையுங்கள்; இல்லையென்றால் இரைப்பைத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். எட்டார்ஃபின் போன்ற மிக வீரியமான மயக்க மருந்தைக் கையாளும்போது துளி அளவு பட்டாலும் மனித உயிருக்கு ஆபத்து. அதன் முறிமருந்து, அதைக் கொடுக்கத் தெரிந்த ஆள், இரண்டும் ஊசி நிரப்பும் முன்பே பக்கத்தில் இருக்க வேண்டும்.

சோதனை வரிசை: முதலில் நான்கு பாதங்களும், சந்தேகமில்லாதவை உட்பட. பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டி, எதிர்க் காலோடு ஒப்பிடுங்கள். தசை மெலிந்திருக்கிறதா என்று நாடாவால் சுற்றளவு எடுங்கள். தசை மெலிய வாரங்கள் ஆகும், அதனால் "நேற்று வந்த நொண்டல்" என்ற கதை இங்கே உடையும்.

எக்ஸ்ரே எப்போதும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணங்களில், எதிர்க் காலையும் சேர்த்து, இடமா வலமா என்ற குறியோடு. ஒரே கோணத்தில் முறிவு ஒளிந்துகொள்ளும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் எலும்பு சுத்தம் என்று பொருள் அல்ல. எலும்பின் தாதுவில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் போன பிறகுதான் படத்தில் கறுப்பாகத் தெரியும். எலும்பில் தொற்று வந்த முதல் ஒன்றிரண்டு வாரம் படம் ஒன்றும் சொல்லாமல் இருக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி எடுங்கள்.

வீங்கிய மூட்டில் நீர் எடுப்பதானால் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கும் முன் எடுங்கள். இரத்தம் உறையாக் குழாயில் ஒரு பங்கு செல்களைப் பார்க்க, இன்னொரு பங்கு கிருமி வளர்க்க. தோலைச் சுத்தமாகத் தயார் செய்யாமல் ஊசி நுழைத்தால் இல்லாத தொற்றை நாமே உள்ளே வைத்ததாக ஆகும்.

9. சிகிச்சை

எங்கே தங்குவது, எதன் மேல் நிற்பது என்பதை முதல் நாளே மாற்றுங்கள். காய்ந்த, மெத்தென்ற தரை; தண்ணீரும் தீனியும் பக்கத்தில்; மேடைக்குச் சாய்தளம். கூட்ட விலங்கை முழுக்கப் பிரித்து மறைத்து வைக்காதீர்கள். கூட்டத்தில் இடம் போய்விட்டால் கால் சரியான பிறகும் அடிபட்டு மறுபடி நொண்டும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம், மற்றவற்றின் கண் பார்வையில் வையுங்கள்.

பாதத்தில் சீழ் இருந்தால் வடிகால்தான் மருந்து. கறுப்புக் கோடு அல்லது புள்ளியைக் குளம்புக் கத்தியால் மெல்லிய சீவல்களாகத் தொடர்ந்து போங்கள். சீழ் வரும் வரை போக வேண்டும், இரத்தம் வரும் அளவு தோண்டக் கூடாது. திறப்பு கீழே அகலமாக, மேலே குறுகலாக இருந்தால் சேறு அடைக்காது. உடனே அடைத்துக் கட்ட வேண்டாம். உள்ளே மிச்சமிருப்பது மேலே ஏறி எலும்பைத் தொடும். யானைக்குத் தினமும் நீர்த்த கிருமிநாசினியில் ஊறவைத்துக் காயவிடுங்கள். ஆழமான தொற்றுக்கு, காலில் இறுக்குப் பட்டை கட்டிப் பாதத்துச் சிரையில் நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தும் முறை உண்டு. மருந்து தேவையான இடத்தில் அடர்த்தியாகத் தங்கும்.

இரட்டைக் குளம்பு விலங்கில் ஒரு பாதி மட்டும் புண் என்றால், நல்ல பாதியின் அடியில் கட்டை ஒட்டுங்கள். புண் உள்ள பாதி தரையைத் தொடாமல் ஆறும். மான், எருமை வகைகளில் இந்த ஒரு வேலை பத்துக் கட்டுகளுக்குச் சமம். கட்டுகளைப் பல விலங்குகள் அன்று இரவே பிய்த்துவிடும், சிலது விழுங்கியும்விடும்.

குளம்பு நீண்டிருந்தால் ஒரே நாளில் அழகாக்க வேண்டாம். தசைநார்கள் அந்த வளைவுக்குப் பழகியிருக்கும். சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறையாகக் குறையுங்கள்.

பறவையின் பாதப் புண்ணுக்கு மருந்தை விட, பல தடிமனுள்ள உட்காரும் கட்டைகள், செயற்கைப் புல், எடைக் குறைப்பு, பென்குயினுக்குத் தண்ணீரில் அதிக நேரம் ஆகியவை முக்கியம்.

வலி மருந்தில் கவனிக்க வேண்டியவை. ஸ்டீராய்டையும் ஸ்டீராய்டு அல்லாத வலி நிவாரணியையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரைப்பையும் குடலும் புண்ணாகும். நீர்ச்சத்துக் குறைந்த விலங்குக்கு முதலில் நீர்ச்சத்து. வயதான பெரிய பூனைகளில் சிறுநீரக நோய் அதிகம். நீண்ட நாள் கொடுக்கும் முன்பும் இடையிலும் இரத்தத்தில் கிரியேட்டினின் பாருங்கள், சிறுநீரகத்தின் நிலையை அது காட்டும். பூனையினம் எதற்கும் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. வளரும் குட்டிக்கு என்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும். இறந்த விலங்கின் உடலைப் பாறு கழுகுகளுக்கு இரையாகக் கொடுப்பதானால் டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி கொடுத்த உடல் கூடாது. ஜிப்ஸ் (Gyps) பேரினத்துப் பாறு கழுகுகள் அதனால் சிறுநீரகம் செயலிழந்து இறப்பதை 2004இல் ஆய்வு காட்டியது. கீட்டோப்ரோஃபெனும் அவற்றுக்கு நஞ்சு. மெலாக்சிகாம் அவற்றுக்குப் பாதுகாப்பானது.

மருந்தை வாளியில் கலந்து கூட்டத்துக்கு வைக்காதீர்கள். பலசாலி எல்லாவற்றையும் தின்னும், நொண்டி கடைசியில் வரும். ஒரு துண்டில் வைத்து, கையால் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

எலும்பு முறிவில் முதல் கேள்வி எப்படிப் பொருத்துவது என்பதல்ல. ஆறு வாரம் இந்த விலங்கை அடக்கமாக வைத்திருக்க முடியுமா என்பதுதான். கையால் வளர்ந்த குட்டியில் மாவுக்கட்டு அருமையாக வேலை செய்யும். மிரண்டு சுவரில் மோதும் பெரிய மானில் தட்டும் திருகும் வைத்தாலும் உடைத்துக்கொள்ளும்.

10. மறுபார்வையும், ஆறாத காலும்

மறுபார்வைத் தேதியைச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே எழுதுங்கள்: மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள். அதே இடம், அதே கோணம், அதே வேளை வீடியோ. நொண்டல் போனதும் மருந்தை நிறுத்திவிட்டு அடைப்பைத் திறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வலி போவது முதலில், திசு ஆறுவது பிறகு. அந்த இடைவெளியில்தான் ஓடி மறுபடி கிழித்துக்கொள்கிறது. பத்தாம் நாள் எண் மாறவே இல்லை என்றால் அதே மருந்தை நீட்டிக்காமல் நான்காம் படிக்குத் திரும்புங்கள். நோயைத் தவறாகக் கணித்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

சில கால்கள் ஆறாது. வயதான விலங்குக்கு வாராவாரம் ஒரு தாள் வையுங்கள்: தானாக எழுகிறதா, சாப்பிடுகிறதா, தன்னைச் சுத்தம் செய்கிறதா, கூட்டத்தோடு இருக்கிறதா, பிடித்த எதையாவது இன்னும் செய்கிறதா. அதைப் பராமரிப்பாளர் நிரப்பட்டும். நல்ல நாட்களை விடக் கெட்ட நாட்கள் கூடும்போது கருணைக் கொலை பற்றிப் பேச வேண்டும். அந்தப் பேச்சில் அவரும் உட்கார வேண்டும். தினமும் அதன் முகத்தில் விழித்தவர் அவர்தான்.

இறந்த பிறகு வயிற்றையும் நெஞ்சையும் மட்டும் திறந்து முடித்துவிடாதீர்கள். நான்கு காலின் ஒவ்வொரு மூட்டையும் திறந்து, குருத்தெலும்பைப் படம் எடுத்து, முதுகெலும்பை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். அந்தப் படங்களை அதே விலங்கின் கடைசி நடை வீடியோவோடு ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த முறை அதே மாதிரி நடக்கும் விலங்கு வரும்போது முதலில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.